இடதுபக்க சீட்

வள்ளியூரிலிருந்து காஷ்மீருக்குப் போவதற்கு நாங்கள் முதலில் தெற்கே போனோம். டிரிப் என்றால் டெர்மினஸில் இருந்துதான் எடுக்க வேண்டுமாம். "நடுவழியில ஏறுறதுக்கு நாம என்ன பாசஞ்சரா?" என்றார் என் வீட்டுக்காரர். ஆகவே மாசி முதல் வாரத்தில் ஒரு விடியற்காலை, வீட்டைப் பூட்டிச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்து, அம்மன் கோயில் வாசலில் தேங்காய் விடலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வடக்கே போக வேண்டிய வண்டியைத் தெற்கே திருப்பினார்.

பணகுடி, காவல்கிணறு. அங்கிருந்து காற்றாலைகள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று கொட்டும்போது அவை சுற்றுகிற வேகத்தைப் பார்த்தால் மலையே கிளம்பிவிடும் போலிருக்கும். மாசியில் பாதி சும்மா நின்றன. கன்னியாகுமரியில் கடலைப் பார்த்தோம், ஆளுக்கொரு டீ குடித்தோம், ஓடோமீட்டர் எண்ணை நோட்டில் எழுதினேன், திரும்பினோம். ஒன்பது மணி வாக்கில் வள்ளியூர் பிரிவை மறுபடி கடக்கும்போது, கேஸை மூடினோமா என்று எனக்குத் திக்கென்றது. கேஸ் சிலிண்டர் என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

அந்த ரோட்டுக்கு இப்போது தேசிய நெடுஞ்சாலை 44 என்று பெயர். கன்னியாகுமரியில் தொடங்கி ஸ்ரீநகர் வரை 3,700 கிலோமீட்டருக்கு மேல். 2010-இல் நாடு முழுக்க நெடுஞ்சாலைகளுக்கு எண் மாற்றினார்கள். வடக்கு தெற்காக ஓடுவதற்கு இரட்டைப்படை, கிழக்கு மேற்காக ஓடுவதற்கு ஒற்றைப்படை. அப்போது ஏழு பழைய சாலைகளின் துண்டுகளை ஒட்டவைத்து இந்த 44 பிறந்தது. எங்கள் பக்கத்துத் துண்டு பழைய ஏழு. ஓட்டுநர் வாயில் அது இன்னும் ஏழுதான். என் வீட்டுக்காரருக்கு 44 என்று சொன்னால் யாரோ புது மருமகளைச் சொல்வதுபோல ஒரு முகம் வரும்.

அவர் அரசு பஸ் ஓட்டியவர். முதலில் சில வருஷம் டவுன் பஸ், அதன் பிறகு 22 வருஷம் நாகர்கோவில் – மதுரை. ஒருநாள் டூட்டி, ஒருநாள் ரெஸ்ட். போக வர 480 கிலோமீட்டர். வருஷத்துக்கு 180 டூட்டி என்று வைத்து நான் ஒருநாள் கணக்குப் போட்டேன். பத்தொன்பது லட்சம் கிலோமீட்டர். பூமியை 47 தடவை சுற்றி வந்த மனிதர் ஓசூருக்கு அப்பால் போனதில்லை. அதுவும் என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு, பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, அந்த டிரைவர் கியர் போடுகிற விதத்தைக் குறை சொல்லிக்கொண்டே.

அந்தப் பத்தொன்பது லட்சத்தில் நான் கூடப் போனது பத்து டிரிப் இருந்தால் அதிகம். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். அவர் வரும் நேரத்துக்குத் தட்டை மூடி வைத்துவிட்டுத் தூங்கிவிடுவேன். அவருக்கு 63-உம் எனக்கு 60-உம் ஆன பிறகுதான் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் லீவு கிடைத்தது.

வேன் யோசனை என்னுடையது. செகண்ட் ஹேண்ட் டெம்போ டிராவலர், பன்னிரண்டு சீட், கல்யாண சவாரிக்கு ஓடிய வண்டி. வாங்கியபோது கூரையில் இன்னும் சாமந்திச் சருகு ஒட்டியிருந்தது. மஞ்சள் போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு மாற்றினோம். மஞ்சள் போர்டோடு கிளம்பியிருந்தால் பர்மிட்டுக்கு அலைய வேண்டும். உள்ளே பாடி வேலைக்குக் கரூர் போனோம். பஸ்ஸுக்குப் பாடி கட்டுவது கரூருக்குப் பெயர்போன தொழில். தமிழ்நாட்டில் ஓடும் தனியார் பஸ்களில் பல அந்தப் பட்டறைகளில் எலும்பும் தோலும் பூட்டிக்கொண்டவை. பட்டறை மேஸ்திரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "எத்தன சீட்டுங்க?" என்றார்.

"ரெண்டு."

"ரெண்டுங்களா? மீதி எடத்துல?"

"கட்டில். அடுப்பு."

அவர் எங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அளவு நாடாவை எடுத்தார். அதன்பின் அந்த மனிதரிடம் ஒரு சிரிப்பு, ஒரு கேள்வி கிடையாது, வேலை மட்டும். இரும்புச் சட்டம் அடித்து, தகட்டுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் சூடு இறங்காமல் இருக்கத் தெர்மாகோல் வைத்து, கட்டிலுக்கு அடியில் இழுப்பறை. தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர் ஒன்றாக வேண்டும் என்றேன். கூடாது என்றார். ஐம்பது ஐம்பதாக இரண்டு. பின் அச்சுக்கு நேர் மேலே. "நூறு லிட்டர்னா நூறு கிலோங்க. ஒண்ணு முழுசா ரொப்பி வையுங்க, இல்லீன்னா காலியா வையுங்க. பாதித் தண்ணிதானுங்க வண்டியத் தள்ளும்." பிரேக் போடும்போது பாதித் தொட்டியில் தண்ணீர் முன்னுக்குப் பாய்ந்து மோதும் என்பதை அவர் சொன்னார், எங்கள் வீட்டில் யாரையும் பாராட்டாத ஒருவர் "விவரம் தெரிஞ்ச ஆளு" என்றார்.

ஆர்.சி. புத்தகம் தனிக் கதை. வண்டியின் அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி பதிவு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அதற்கு நான்கு மாதம் நடந்தோம். அந்த நான்கு மாதத்தில் நான் ஓட்டிப் பழகிக்கொண்டேன். லைசென்ஸ் 58 வயதிலேயே எடுத்தது, கார் ஓட்டினால் போதும் என்று எடுத்தது. காரணம் இருந்தது. அவருக்கு இரண்டு கண்ணிலும் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. பகலில் பருந்து போலப் பார்ப்பார். இருட்டிவிட்டால் எதிரே வரும் ஹெட்லைட்டைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது என்று ஒருநாள், ஏதோ வானிலைச் செய்தி சொல்வதுபோல, சொன்னார். ஐந்து மணிக்கு மேல் வண்டி ஓடாது என்று அன்றே விதி எழுதினோம்.

மகள் போனில், "ரூம் போட்டுத் தங்குங்கம்மா, எதுக்கு இந்த வயசுல ரோட்டுல?" என்றாள். தெருவில் வேறு கேள்விகள். வண்டிக்கு முன்னால் தினமும் கோலம் போடுவீர்களா என்று ஒருத்தி ஆசையாகக் கேட்டாள். அதிலிருந்து தப்பிக்கத்தான் பாதிப் பயணம் என்று சொல்ல வாய் வரவில்லை.

நாங்குநேரி, கயத்தாறு, எட்டூர்வட்டம், கப்பலூர், கொடைரோடு. ஊர்ப்பெயர் என்று நினைக்காதீர்கள், டோல்கேட் வரிசை. முதல் நாள் முழுக்க அவர் ஓட்டியது வேன் இல்லை, பஸ்தான். நிறுத்தத்தில் நாலு பேர் நின்றால் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை விட்டது. கயத்தாற்றில் ஒரு கிழவி கை காட்டினாள், வண்டியை ஓரங்கட்டியேவிட்டார். அவள் ஏறி, கட்டிலைப் பார்த்து, அடுப்பைப் பார்த்து, "இதென்ன பஸ்ஸுய்யா?" என்றாள். கட்டபொம்மனை 1799-இல் தூக்கிலிட்ட ஊர். அந்தப் புளியமரம் நின்ற இடத்தில் நினைவிடம் இருக்கிறது. இத்தனை வருஷம் அதைத் தாண்டிப் போயும் இறங்கிப் பார்த்ததில்லையாம். அன்று இறங்கினோம். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் இரண்டு கிலோ வாங்கினேன்; புவிசார் குறியீடு 2020-இல் கிடைத்தது, ருசி அதற்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டது.

மத்தியானம் ஒரு வழி ஓட்டல். பெயர் வேண்டாம். பஸ்ஸை அங்கே நிறுத்தினால் டிரைவர், கண்டக்டருக்கு உள் அறையில் தனிச் சாப்பாடு, காசு கிடையாது. தமிழ்நாட்டில் நெடுந்தூர பஸ்ஸில் போன எல்லோருக்கும் இந்த ஏற்பாடு தெரியும். கல்லா ஆள் அவரை அடையாளம் கண்டுகொண்டு உள்ளே கையைக் காட்டினார். இவர் என்னைப் பார்த்தார், வெளி மேஜையைப் பார்த்தார். என்னோடு வெளியே உட்கார்ந்தார். சாம்பார் வந்தது. ஒரு வாய் வைத்துவிட்டு, "வெளிய இப்படியா போடுறானுவ?" என்றார். 22 வருஷம் அவர் கொண்டுபோய் இறக்கிவிட்ட பயணிகள் தின்ற சாம்பாரை அன்றுதான் முதல்முறையாகத் தின்றார். பில்லுக்குக் காசு கொடுக்கும்போது மிச்சம் எண்ணக்கூட இல்லை.

ஒரு வண்டிக்குள் இரண்டு பேர் வாழ என்னென்ன வேண்டும் என்பதற்கு நான் கிளம்புமுன் நாலு பக்கம் எழுதியிருந்தேன். பத்து நாளில் மூன்று வரியாகச் சுருங்கிவிட்டது. தண்ணீர் எங்கே பிடிப்பது, காலையில் எங்கே போவது, ராத்திரி எங்கே நிறுத்துவது. மூன்றுக்கும் பதில் பெரும்பாலும் பெட்ரோல் பங்க். காற்றும் குடிதண்ணீரும் கழிப்பறையும் பங்கில் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது விதி. விதியின் சுத்தம் பங்குக்குப் பங்கு மாறும். நான் கற்றுக்கொண்ட ஒன்று: லாரிகள் படுத்திருக்கும் பங்காகப் பார்த்து நிறுத்த வேண்டும். லாரிக்காரர்கள் தூங்குகிற இடத்தில் தண்ணீர் இருக்கும், டீ இருக்கும், டயரைக் கழற்றுகிறவன் வரமாட்டான். அழகான ஏரிக்கரை, ஆலமர நிழல் என்று நான் ஆசைப்பட்ட இடங்களில் எல்லாம் இரண்டே இரவு தங்கினோம். இரண்டிலும் கொசுதான் தங்கியது, நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

மின்சாரமும் இப்படித்தான். கூரையில் சோலார், கட்டிலுக்கடியில் 12 வோல்ட், 100 ஆம்பியர் லித்தியம் பேட்டரி. பெருக்கினால் 1.2 யூனிட். ராத்திரி முழுக்க 30 வாட் ஃபேன் ஓடினால் கால் யூனிட் போகும். விளக்கு, போன், சின்ன ஃபிரிட்ஜ் தாங்கும். மிக்ஸி தாங்காது என்று கரூரிலேயே எடுத்துவிட்டோம். சின்ன இடிகல் ஒன்று, உடன்குடிக் கருப்பட்டி ஐந்து கிலோ, ஐந்து கிலோ கேஸ் சிலிண்டர். அந்தச் சின்ன சிலிண்டருக்கு வீட்டு முகவரி கேட்பதில்லை. முகவரி இல்லாமல் கிடைக்கும் பொருள்கள் எவை என்று வாழ்க்கையில் முதல்முறையாகக் கவனிக்க ஆரம்பித்தேன்.

நாமக்கல் தாண்டும்போது அவர் லாரிகளுக்கு ஹெட்லைட் அடித்து வணக்கம் வைத்தார். ஊரில் பாதி முட்டை, பாதி லாரி. தொப்பூர் கணவாயில் நாங்கள் ஏறினோம். எதிர்ப்பக்கம் இறங்குகிற லாரிகளைக் காட்டி, "அங்க பாரு, நியூட்ரல்ல விடுதான்" என்றார். டீசல் மிச்சம் பிடிக்கக் கியரை எடுத்துவிட்டு இறக்குவார்கள். எஞ்சின் பிடிப்பு இல்லாமல் முழுப் பாரமும் பிரேக்கில் விழும், சூடேறிப் பிரேக் போகும். அந்த இறக்கத்தில் எத்தனையோ வண்டிகள் மோதிக் கிடந்த படங்களைப் பேப்பரில் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் மூடிவைத்த தட்டைப் பார்த்தபடி ஏன் தூக்கம் வராது என்று அவருக்கு நான் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

ஓசூர் வரை ராஜா. அத்திப்பள்ளி தாண்டியதும் ஆள் மாறிப்போனார். தெரிந்த டீக்கடை இல்லை, தெரிந்த வளைவு இல்லை, போர்டில் எழுத்து புரியவில்லை. பெங்களூரை ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் மேம்பாலம் மேம்பாலமாகக் கடந்தோம். அதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். விதியை மீறி இருட்டில் ஓட்டியது அந்த ஒரு நாள். தேவனஹள்ளி போகிற வரைக்கும் அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்த பிடியில் விரல் கணு வெளுத்திருந்தது.

இந்தப் பயணத்துக்கு ஒரு புத்தகத்துக்கும் சம்பந்தம் உண்டு. அர்ஜென்டினா எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தஸாரும் அவர் மனைவி கரோல் டன்லப்பும் 1982 மே மாதம் பாரிஸிலிருந்து மார்செய் நகரத்துக்கு ஒரு சிவப்பு வோக்ஸ்வாகன் வேனில் கிளம்பினார்கள். ஏறக்குறைய 800 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்விடலாம். அவர்கள் 33 நாள் எடுத்துக்கொண்டார்கள். விரைவுச்சாலையை விட்டு இறங்கக் கூடாது, வழியில் உள்ள ஒவ்வொரு ஓய்விடத்திலும் நிற்க வேண்டும், ஒருநாளைக்கு இரண்டு, இரண்டாவதில் ராத்திரி தூக்கம். வேனுக்கு ஃபாஃப்னர் என்று ஒரு டிராகன் பெயர். இரண்டு பேரும் சேர்ந்து எழுதிய அந்தப் புத்தகம் மறு வருஷம் வந்தது. குப்பைத்தொட்டியையும் கழிப்பறையையும் லாரிகளையும், ஏதோ புதுக் கண்டத்தைக் கண்டுபிடித்தவர்கள் போல, விழுந்து விழுந்து குறித்துவைத்திருப்பார்கள். வேன் வாங்கலாமா என்று இவரிடம் பேச்சை எடுத்த அன்று இதைத்தான் சொன்னேன். "எண்ணூறு கிலோமீட்டருக்கு முப்பத்து மூணு நாளா? அவன் டைம் கீப்பர் ஒண்ணும் சொல்லலியா?" என்று சிரித்தார். கதையின் மீதியை நான் சொல்லவில்லை.

நாள் ஒன்றுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை என்று நாங்களும் வைத்துக்கொண்டோம். இது அவருக்குப் பெரிய தண்டனை. காலை பதினொன்றுக்குள் நூறு முடிந்துவிடும். அதற்கு மேல் அவர் டயரை உதைத்துப் பார்ப்பார், ஆயில் பார்ப்பார், கண்ணாடி துடைப்பார். இறங்கி நடக்கிற பழக்கமே இல்லை. கொடிகொண்டா செக்போஸ்டில் பிரிந்து லேபாக்ஷி போனோம். விஜயநகரக் காலத்துக் கோயில், பதினாறாம் நூற்றாண்டு; மண்டபத்தில் ஒரு தூண் முழுசாகத் தரையைத் தொடாமல் நிற்கிறது. அடியில் துணியை விட்டு இழுத்துக் காட்டுகிறார்கள். எல்லோரும் துண்டை விட்டு இழுத்தபோது இவர் மட்டும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். "கீழ தொடலைன்னா பாரம் மேல எங்கயோ போகுதுன்னு அர்த்தம். மத்த தூண் சுமக்குது" என்றார். கூரை ஓவியத்தை நான் பார்த்தேன், அவர் பாரத்தைப் பார்த்தார்.

அனந்தபூர்ப் பக்கம்தான் நான் ஓட்டினேன். மழை மறைவுப் பிரதேசம். நிலக்கடலைக் காடும் பாறைக் குன்றும். ரோடு அங்கே கோடு போட்ட மாதிரி போகும். பழகுகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவர் இடதுபக்க சீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று சொல்வது தப்பு. விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தார். வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை அழுத்தியது. வாய் ஓயவில்லை.

"ஏளா, லாரி வருது."

"தெரியுது."

"ஹாரன் அடி. ரெண்டு தடவ. கியர மாத்து. மாத்துன்னா…"

"ஏங்க, நீங்க ஓட்டுறீங்களா நான் ஓட்டட்டுமா?"

"நீதான் ஓட்டுற. நான் சும்மா சொல்லுதேன்."

பெனுகொண்டாவுக்கும் அனந்தபூருக்கும் நடுவில் எழுபது கிலோமீட்டர். அந்த எழுபதில் அவர் வாய் மூடியது ஒரே ஒரு தடவை, தண்ணீர் குடிக்க. சாயங்காலம் பங்கில் ரிவர்ஸ் எடுத்தபோது இறங்கிப் பின்னால் போய் நின்றார். "வரட்டும்… வரட்டும்… லெஃப்ட்ல ஒடி… வரட்டும்… ஓல்டான்!" கண்டக்டர் வேலை பார்க்காமலே ரிட்டயர் ஆனவருக்கு அந்த ஓல்டானில் அப்படி ஒரு சுகம். வண்டியில் இரண்டு தட்டு தட்டினார். பங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கர்நூலில் துங்கபத்திரையைத் தாண்டினால் தெலங்கானா. தாண்டியதும் வலப்புறம் கொஞ்ச தூரத்தில் ஆலம்பூர். சாளுக்கியர் கட்டிய நவபிரம்மா கோயில்கள், ஏழாம் நூற்றாண்டில் தொடங்கியவை. நான் பார்க்க விரும்பியது பக்கத்தில் உள்ள சங்கமேசுவரர் கோயில். அது இந்த ஊரே இல்லை. கூடவெல்லி என்ற இடத்தில், ஆறுகள் கூடுகிற இடத்தில் இருந்தது. ஸ்ரீசைலம் அணை நீரில் மூழ்கப்போகிறது என்று, கல் கல்லாகப் பிரித்து இங்கே கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு வந்த எங்களுக்கு அங்கே உட்காரத் தோன்றியது. ஒரு மணி நேரம் இருந்தோம். அவர்கூட டயரை உதைக்கப் போகவில்லை.

ஹைதராபாத்தை வெளிவட்டச் சாலையில் சுற்றிக் கடந்தோம். நிர்மலில் மரப்பொம்மை ஒன்று பேத்திக்கு வாங்கினேன். பொனிகி என்ற மரத்தில் செய்கிறார்கள். கையில் வைத்தால் பஞ்சு. அதன் பிறகு காடும் மேடுமாக அதிலாபாத்.

அதிலாபாத் தாண்டி ஒரு பங்கில் ராத்திரித் தங்கல். எங்கள் டி.என். 72-ஐப் பார்த்துவிட்டு ஒருவர் வந்தார். டி.என். 28, நாமக்கல் லாரி, பக்கத்தில் டி.என். 52, சங்ககிரி. வடக்கே சரக்கு இறக்கிவிட்டுத் திரும்புகிறார்கள். டூல்ஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கிளீனர் பையன் தக்காளிக் குழம்பு கொதிக்கவைத்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு நாள் தமிழ்ப் பேச்சு எங்கள் இரண்டு பேருக்குள் மட்டும் என்று இருந்ததால் அன்று ராத்திரி நாங்கள் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. என் கருப்பட்டிக் காப்பி, அவர்கள் குழம்பு. நாமக்கல்காரர் மாதத்தில் 25 நாள் ரோட்டில் இருக்கிறாராம். "அக்கா, எங்கூட்டுக்காரிய ஒருவாட்டி கூட்டியாரணும்னு பத்து வருஷமா நெனைக்கறனுங்க" என்றார். "ஏன் கூட்டிட்டு வரல?" "வந்தா பயந்துக்குவாளுங்க. நான் போறது எந்த மாதிரி ரோடுன்னு தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் விடமாட்டா." என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

படுத்த பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, கூரையைப் பார்த்தபடி கேட்டார்: "அந்த பாரிஸ்காரங்க மறுபடி எங்கயும் போனாங்களா?"

"எந்த பாரிஸ்காரங்க?"

"எண்ணூறு கிலோமீட்டருக்கு முப்பத்து மூணு நாள்."

இதைக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. "அந்தம்மா அந்த வருஷம் நவம்பர்லயே தவறிட்டாங்க. புஸ்தகத்த அவர் தனியா முடிச்சார். அடுத்த வருஷம் வந்துச்சு. அதுக்கு அடுத்த பிப்ரவரில அவரும் போயிட்டார்."

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ லாரிக் கதவைச் சாத்தினார்கள். ரொம்ப நேரம் கழித்து, "அம்மாவுக்கு என்ன வயசு?" என்றார்.

"முப்பத்தாறு."

அவர் பதில் சொல்லவில்லை. தூங்கிவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். கண் திறந்திருந்தது.

காலையில் எழுந்து, டயரைப் பார்த்து, ஆயில் பார்த்து, கண்ணாடி துடைத்து, எல்லாம் முடிந்தபின் சாவியை என் கையில் வைத்தார். வழக்கமாக நான்தான் கேட்டு வாங்குவேன். ஏன் என்று கேட்கவில்லை. பென்கங்கா பாலத்தைத் தாண்டி மகாராஷ்டிரத்துக்குள் போனோம். பருத்திச் செடிகள் பறித்து முடித்து மொட்டையாக நின்றன. அன்று "கியர மாத்து" இரண்டே தடவைதான் வந்தது. இரண்டும் சரியான இடத்தில் வந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

நாக்பூரில் ஆரஞ்சு. இரண்டு விளைச்சல் உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் வருவது இரண்டாவது. ஒரு கூடை வாங்கி வண்டிக்குள் வைத்ததும் கேஸும் டீசலும் கலந்த எங்கள் வீட்டு வாசனை முழுசாக மாறிவிட்டது. மூன்று நாள் அங்கேயே இருந்தோம், வண்டிக்குச் சர்வீஸ் விட்டோம். லிட்டருக்குப் பத்து கொடுக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை.

நாக்பூருக்கு வடக்கே மான்சர் தாண்டினால் காடு தொடங்கும். பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஊடறுத்துக்கொண்டு 44 போகிறது. நாலு வழிச்சாலை போடும்போது புலியும் மானும் எப்படிக் கடக்கும் என்று வழக்கு நடந்து, வேலை நின்று, கடைசியில் மகாராஷ்டிரப் பகுதியில் ஒன்பது இடங்களில் சாலையைத் தூக்கித் தூண் மேல் வைத்தார்கள். நாம் மேலே, அவை கீழே. கீழே வைத்த கேமராக்களில் புலி, செந்நாய், புள்ளிமான் எல்லாம் கடந்து போவது பதிவாகியிருக்கிறது. மிக நீளமான பாலம் முக்கால் கிலோமீட்டர். ரோடு அங்கே வழுவழுவென்று இருந்தது. தேக்கு இலை உதிர்ந்து காடு முழுக்கப் பழுப்பு. பாலத்தின் ஓரத் தடுப்புக்கு மேலே மரத்தலைகள் மட்டும் தெரிந்தன. ஒரு மந்தி தடுப்பின் மேல் உட்கார்ந்து எங்களையே பார்த்தது.

அதைக் காட்ட இடப்பக்கம் திரும்பினேன். அவர் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. வலது கால் எதையும் அழுத்தாமல் கோணலாகக் கிடந்தது. 35 வருஷத்தில் ஓடுகிற வண்டியில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. பஸ்ஸில், காரில், ஆம்புலன்ஸில்கூட முழித்துக்கொண்டு வந்தவர்.

முன்னால் ஒரு லாரி மெதுவாகப் போனது. ஹாரன் அடிக்க வேண்டிய இடம், ரெண்டு தடவை. அடிக்கவில்லை. அதன் பின்னாலேயே நாற்பதில் போனேன். டோல் வந்தது, ஃபாஸ்டேக் கீச்சென்றது, கம்பம் ஏறியது. மத்தியப் பிரதேசம் வரவேற்கிறது என்று இந்தியில் ஒரு வளைவு வந்தது. கவாசா போயிற்று. வெயில் என் பக்கத்திலிருந்து அவர் மடிக்கு மாறியது.

சியோனிக்கு முன்னால் ஒரு வேகத்தடையை நான் கவனிக்கவில்லை. இழுப்பறைக்குள் இடிகல் உருண்டது. அவர் நிமிர்ந்தார்.

"எங்க இருக்கோம்?"

"எம்.பி.ல."

"டோல்?"

"கட்டியாச்சு."

"நான் தூங்கல."

"இல்ல."

அவர் எட்டி ஓடோமீட்டரைப் பார்த்தார். தூங்கிய தூரத்தைக் கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. காலையில் எழுதிய எண் நோட்டில் இருந்தது, நோட்டு என் சீட்டுக்கு அடியில் இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.